கம்பத்தடி நற்குணவான்

வெர்ரபுல்,
செப்டம்பர் 4

அன்புள்ள நரெல்,

வெட்கக்கேடான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நற்குணத்துக்காக விருது கொடுக்கப் போகிறார்கள். பெயர் மாறிப்போயிருக்குமோ என்று நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், மாறவில்லையாம். இளையோருக்கு உழைக்கும் தன்னார்வலர்களில் இந்த வட்டாரத்தின் சிறந்த பண்பாளர் நான். கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள், கூடவே ஒரு தட்டு நிறைய இறைச்சி. நீ சிரித்து முடித்ததும் மேலே படி.

இந்த சீசன் முழுக்க சிறுமிகள் ஃபுட்பால் அணிக்கு, கம்பத்தடியில் நின்று கொடி காட்டும் கோல் அம்பயர் நான்தான். அதற்கும் பண்புக்கும் சம்பந்தமில்லை. கிளப் தலைவர் மெர்வ் ஆள் தேடி வேலியோரம் பார்த்தபோது எல்லா அப்பன்களும் குனிந்து ஷூ லேஸ் கட்டினார்கள். நான் செருப்பில் போயிருந்தேன்.

அரையிறுதியில், கடைசி சைரனுக்குச் சற்று முன், நம் மகள் டீகன் உதைத்தாள். பந்து கம்பங்களுக்கு நடுவே சுத்தமாகப் போனால் ஆறு புள்ளி, வெற்றி. வழியில் எதிரணியின் கை பட்டிருந்தால் ஒரே புள்ளி, தோல்வி. எதிரணியான குயாம்பி ஊரின் பெண் ஒருத்தி எம்பினாள். அவள் விரல் நுனி பந்தில் பட்டதை நான் பார்த்தேன். ஒரு புள்ளிக்கான ஒற்றைக் கொடியைத்தான் ஆட்டினேன்.

முதல் வாரம் என் கார்மேல் முட்டை அடித்தார்கள். மறுவாரம், பெற்ற மகள் என்றும் பாராத நேர்மையாளன் என்று பெயர் எடுத்துவிட்டேன். முட்டை அடித்தவன்தான் விருதுக்கு முன்மொழிந்தவன் என்று கேள்வி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். டீகன் என்னோடு பேசுவதில்லை. நேற்று சாப்பிடும்போது உப்பை எடுக்கச் சொல்வதுபோலச் சொன்னாள்: "ஸ்கூல் நாலாவது டேர்ம்ல இருந்து அம்மாகிட்ட போறேன்." விழா முடிந்த மறுநாளே கிளம்புகிறாளாம். உன்னிடம் ஏதாவது சொன்னாளா? போனில் கேட்டிருப்பேன். நாம் போனில் பேசினால் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம்.

ஒரு கொடிக்காகவா நரெல் இவ்வளவு கோபம்?

டாரில்

*

டார்வின்,
செப்டம்பர் 11

டாரிலுக்கு,

வாழ்த்துகள். இறைச்சித் தட்டில் ஆட்டுக்கால் இருந்தால் டீகனுக்குக் கொடுக்காதே, அவளுக்குப் பிடிக்காது. உனக்குத் தெரிந்திருக்காது என்பதால் சொல்கிறேன்.

தெரியாத இன்னொன்றும் சொல்கிறேன். அந்தக் கொடியைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. "பந்துல கை பட்டுச்சும்மா, எனக்கே தெரியும். அப்பா சரியாத்தான் சொன்னாரு" என்றுதான் சொன்னாள். நானும் 'பிறகென்னடி' என்று கேட்டேன். அப்புறம் கொட்டினாள்.

"கறிக்கடையில சொல்றாரும்மா. பெட்ரோல் பங்க்ல சொல்றாரு. நான் எப்படி உதைச்சேன், எப்படி முட்டி போட்டு அழுதேன், எல்லாம் நடிச்சுக் காட்டறாரு. மூக்கைக்கூட என்னை மாதிரியே உறிஞ்சறாரு. ஸ்கூல்ல பசங்க இப்ப என்னைப் பாத்து அதையேதான் செய்யறாங்க. அவங்க யாரும் மேட்ச் பாக்கல. அப்பா செஞ்சு காட்டினதைத்தான் பாத்தாங்க."

உன் நடிப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் இப்போது உனக்கு விருது கொடுக்கிறார்கள். மேடையில் அந்தக் கதையை நீ ஒருமுறை சொன்னால் போதும், அவள் விமானம் ஏறிவிடுவாள். டிக்கெட்டை எடுத்தவளே நான்தான். வேண்டாம் என்று ஏன் சொல்லவில்லை தெரியுமா? நானும் ஒரு காலத்தில் உன் கதையாக இருந்தவள். கேட் தூணில் காரை மோதியது நான். அதை நான் சொல்லிக் கேட்ட ஆள் வெர்ரபுல்லில் ஒருவருமில்லை. எல்லாரும் நீ சொல்லிக் கேட்டவர்கள்.

நரெல்

*

வெர்ரபுல்,
செப்டம்பர் 17

நரெல்,

உன் கடிதத்தை டிராக்டரில் உட்கார்ந்து படித்தேன். இறங்க மனமில்லை.

நான் அவளைக் கேலி செய்யவில்லை. பெருமையில் சொன்னது அது. அவள் அழுததைச் சொன்னால்தானே நான் கொடியை ஆட்டியது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்? இதை எழுதிய பிறகு திரும்பப் படித்துப் பார்த்தேன். அந்த வரியை அடிக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன். என்ன லட்சணம் என்று நீயே பார்த்துக்கொள்.

ஆனால் என் நிலைமையையும் கேள். வழியில் பார்க்கிறவர்களெல்லாம் மாதக் கடைசி ஞாயிறு மதியம் நடக்கப்போகும் விருது விழாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மெர்வ் வீட்டுக்கே வந்துவிட்டார். "டாரில், மேயரம்மா வர்றாங்கப்பா. கதையை நல்லா இழுத்துச் சொல்லு. அந்த அழுகை சீனை விட்டுடாத." டீகன் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்றது.

அவர் போனதும் கேட்டேன்: "என்ன, பெட்டியெல்லாம் ரெடி பண்றே?"

"ஆமா."

"நான் சொல்லலேன்னா?"

"நீ சொல்லாம இருக்க மாட்டேப்பா. உன்னால முடியாது."

கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பல்வலிக்காரனிடம் மருத்துவர் சொல்வதுபோலச் சொன்னாள். பெட்டியை வாசல் கதவோரம் கொண்டுவந்து வைத்தாள். தினமும் அதைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன்.

கதை சொல்லாமல் அந்த மேடையில் நான் என்ன செய்வது? கதையை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

டாரில்

*

டார்வின்,
செப்டம்பர் 22

டாரில்,

'நன்றி' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. சொல்லிவிட்டு உட்கார்.

இங்கே அவளுக்கு அறை ஒழித்து வைத்திருக்கிறேன். சுவருக்கு அவள் கேட்ட பச்சை அடித்தாயிற்று. அவள் வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் உன்னிடமிருந்து தப்பித்து வருகிறவளாக வேண்டாம்.

நரெல்

*

வெர்ரபுல்,
செப்டம்பர் 29

அன்புள்ள நரெல்,

சாதித்துவிட்டேன்! உட்கார்ந்துகொண்டு படி.

மண்டபம் நிறைந்த கூட்டம். மேயரம்மா நீல உடையில் வந்திருந்தார். டீகன் அடுக்களைப் பக்கம் மற்ற பெண்களோடு தட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள், என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மெர்வ் என் பெயரைச் சொன்னதும் கைதட்டல். மேடை ஏறுகிறேன். மைக் முன்னால் நிற்கிறேன். முதல் வரிசையில் கறிக்கடைக்காரர் இப்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கதை சொல்லாமல் இருப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. மைக் செத்தது, மின்விசிறி நின்றது. "டாரில், மைக் எதுக்குய்யா உனக்கு, அப்படியே விடு கதையை!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். உண்மைதான், என் குரல் குயாம்பி வரை கேட்கும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. "நன்றி" என்றேன். இறங்கிவிட்டேன். மெர்வின் முகம் தொங்கிப்போயிற்று. மேயரம்மா மட்டும் ரொம்பத் தன்னடக்கமான மனிதர் என்றாராம்.

காரில் வரும்போது டீகன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் அந்தப் பெட்டியைத் தூக்கி உள்ளே கொண்டுபோனாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததையும் விருதுக்கணக்கில் சேர்த்துக்கொள்.

முதல் தடவையாகச் சொல்கிறேன், அந்தத் தாளில் எழுதியிருப்பது என்னைப் பற்றித்தானோ என்று ஒரு சின்னச் சந்தேகம் வருகிறது. என் மன உறுதியில் நானே அசந்துபோயிருக்கிறேன்.

உன் டாரில்

*

டார்வின்,
அக்டோபர் 5

அன்புள்ள டாரில்,

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். பச்சைச் சுவர் இருக்கட்டும், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள்.

நேற்று போனில் வெகுநேரம் பேசினாள். "கரண்ட் போன பிறகு கத்திச் சொல்லியிருக்கலாம்மா. சொல்லல. எல்லாரும் கேட்டும் சொல்லல. அது போதும், இந்த வருஷம் இங்கயே இருக்கேன்" என்றாள். அந்தப் பெருமையை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. அதை நீ வைத்துக்கொள்.

ஆனால் அடுக்களையில் சாசேஜ் ரோல் ஓவன் ஓடும்போது டீ பாய்லரையும் போட்டால் அந்த மண்டபத்தில் ஃபியூஸ் போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நீ மைக்கைப் பிடித்து, "அன்னிக்கு நான் கம்பத்தடியில நிக்கறேன், பாருங்க" என்று ஆரம்பித்ததும் பாய்லரின் ஸ்விட்சைப் போட்டது டீகன்தான்.

நரெல்