ஓட்டெடுப்பில் வென்ற விடுமுறை

அன்புள்ள மகனுக்கு,

இன்று டிசம்பர் நான்காம் தேதி. எனக்கு எழுபத்தெட்டு வயதும் ஐந்து மாதமும் ஆகின்றன. மூட்டு நீங்கலாக மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமா என்று நான் கேட்டதாகவும், சௌக்கியம் என்று நீ எழுதியதாகவும் வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் புதிதாக எதுவும் இல்லை. கீழ்வீட்டுத் தையற்காரர் வேறு வேலை வராததால், மீந்த திரைச்சீலைத் துணியில் முகக்கவசம் தைத்து விற்கிறார். எனக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தார், பெரிய பெரிய பூப்போட்டது. அதைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றால், யாரோ பழைய சோபாவை வெளியே போட்டுவிட்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். உன் அக்காவுக்குக் கையுறைக்குள் வெந்து வெந்து விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கிறது. தொற்று வார்டில் இரண்டு நர்ஸ் பார்க்க வேண்டிய வேலையை ஒருத்தியாகப் பார்க்கிறாள். வந்ததும் பின்பக்கக் குழாயடியில் துணியை அலசிப் போட்டுவிட்டு, மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். உள்ளே வந்து மேஜையில் உட்காரடி என்று ஒரு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன், "பழகிப்போச்சும்மா, இங்கதான் காத்து வருது" என்கிறாள்.

அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று உனக்கு நினைவிருக்கும். எதற்கெடுத்தாலும் கைதூக்கச் சொல்லி ஓட்டெடுப்பது உன் அப்பா இந்த வீட்டில் கொண்டுவந்த சட்டம். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்குக்கூட ஓட்டெடுத்து, தானே தோற்று, பிடிக்காத பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்த மனிதர். சென்ற வருட விடுமுறைக்கு எல்லோரும் கூடியபோது, ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள் படியில்தான் சாப்பிட வேண்டும் என்று நீ முன்மொழிந்தாய். அவளும் சிரித்துக்கொண்டே கைதூக்கினாள். தொற்றில்லை என்று விமான நிலையத்தில் சான்றிதழ் வாங்கி வந்த உனக்கு அப்பாவுக்கு அடுத்த நாற்காலி கிடைத்தது. விடுமுறை முடிவதற்குள் அவர் போய்விட்டார். எல்லாம் முடிந்து திரும்பிய அன்று, வாசலில், தெருவே கேட்க, "நீதான் அங்கேர்ந்து கொண்டாந்தே, நீதான் அப்பாவக் கொன்னே" என்று அவளைப் பார்த்துச் சொன்னாய். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். அவள் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டீர்கள். கல்லூரியில் தர்க்கம் கற்பித்தவள் பெற்ற பிள்ளைகளுக்கு, பேசாதிருப்பதும் ஒப்புக்கொள்வதும் ஒன்றல்ல என்பது தெரியாமல் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

இப்போது மறுபடியும் ஓட்டெடுத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் நீயும் உன் தங்கையும் கைதூக்கினீர்கள்: எல்லோரும் இங்கே கூடுவது, ஆனால் குழந்தைகளின் பாதுகாப்புக்காக அக்கா மட்டும் அந்தப் பத்து நாளும் நர்ஸ் விடுதியில் தங்குவது. நான் கைதூக்கவில்லை. அவள் வார்டில் இருந்தாள். இரண்டுக்கு ஒன்று, தீர்மானம் நிறைவேறியது என்று நீயே அறிவித்தாய். "அப்பா போனதுக்கப்புறம் வர்ற மொத லீவு, நீ தனியா இருக்கக் கூடாதும்மா" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தனியாக இல்லை. என்னோடு ஒருத்தி இருக்கிறாள், அவளை வெளியே அனுப்பினால்தான் தனியாவேன். மறுநாள் அவளிடம் விஷயத்தைச் சொன்னதும், ஏன் என்றுகூடக் கேட்காமல் பையை இறக்கித் துணி அடுக்கத் தொடங்கினாள். "வரட்டும்மா, உனக்கும் பேரப்பிள்ளைங்களப் பாக்கணும்னு இருக்கும்ல" என்றாள். இருக்கத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பையைப் பிடுங்கித் துணியைக் கொட்டிவிட்டேன்.

ஆகையால் வராதே. டிக்கெட்டை ரத்து செய். தொற்று அடங்கிவிட்டது என்று அரசாங்கமே அறிவித்தாலும், நீயாக அவளிடம் பேசாதவரை இந்த வாசற்படி ஏறாதே. வீடு என் பெயரில் இருக்கிறது. கைதூக்கி என்னைத் தோற்கடிக்க முடியாது. உன் தங்கைக்கும் எழுதிவிட்டேன், இதைவிட மென்மையாக. அவள் வெறுமனே கைதூக்குகிறவள், முன்மொழிகிறவன் நீ.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள். இதை மனதாரவே எழுதுகிறேன். உன் மூத்த மகளுக்குக் கண்ணைச் சோதித்துப் பார், போனில் பேசும்போது கண்ணை இடுக்குகிறாள்.

இன்னும் ஒன்று. ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். சென்ற வருடம் நீ வந்த மறுநாள் காலை, பால் தீய்ந்து வீடு முழுக்கக் கருகல் நாற்றம். கீழ்வீட்டுக்காரர்கூட ஓடி வந்தார். அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்த நீ, எதற்கு எல்லோரும் ஓடி வருகிறீர்கள் என்று எங்களைக் கேட்டாய். உன் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை. அதன் பொருள் அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட பிறகே எங்களுக்குப் புரிந்தது. காய்ச்சல் கண்ட அன்றைக்கே உன் அக்காவை ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள், அவளுக்குத் தொற்று இல்லை. ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன், அவள் பொருத்திய ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு உன் அப்பா எங்கள் இருவரிடமும் சொன்னார், "அவன்கிட்ட சொல்லாதீங்க, தாங்கமாட்டான். இவ தாங்குவா. பழி இவ மேலயே இருக்கட்டும்" என்று. அவள் "சரிப்பா" என்று சொல்லி, முகமூடியைத் திரும்பப் பொருத்தினாள்.

இப்படிக்கு,
உங்கள் மூவருக்கும் அம்மா