ஏழு படி, மூன்று படி

பாய்,

இன்று கள்ளக்குறிச்சியில் வண்டி பஞ்சர். கடைக்காரர் டியூபில் சொல்யூஷன் தடவி ஊதினார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம்தான் வந்தது, எப்போதும்போல என்னை முறைத்துக்கொண்டு.

கச்சிராயபாளையத்தில் பஸ் நிற்கும் இடத்தில் உங்கள் சைக்கிள் கடை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். பிள்ளைகளுக்கு முன்னால் நான் வெளியே வந்துவிடுவேன். சூஃபிகளின் பாதையும் எங்கள் கிறிஸ்தவத் துறவிகளின் பாதையும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்று பொழுது சாயும்வரை பேசுவோம். கடைப் பலகையில் சாக்பீஸால் உங்கள் ஏழு படிகளை எழுதினீர்கள்: தவ்பா எனும் மனந்திரும்புதல், தகாததை விலக்கிப் பேணுதல், பற்றறுத்தல், ஏழ்மை, பொறுமை, இறைவனையே நம்பியிருத்தல், அவன் தருவதில் மனநிறைவு. பக்கத்தில் நான் மூன்றுதான் எழுதினேன்: தூய்மையடைதல், ஒளிபெறுதல், ஒன்றாதல்.

"இன்னா வாத்தியாரே, மூணே படிதானா? உங்காளுங்களுக்கு முட்டி வலியா?"

"எங்க படி ஒவ்வொண்ணும் உசரம் பாய்" என்றேன். அப்போது நமக்கு எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

பிறகு இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் வந்தது. சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, பெட்ரோல் பங்க் திறக்கவில்லை. அந்த மத்தியானம் உங்கள் மனைவியைப் பாம்பு கடித்தது. என் வீட்டுக்கு ஓடி வந்தீர்கள்.

"பைக்க எடு வாத்தியாரே. வாய்க்கா கரையோட போய்டலாம். இன்னா பாத்துக்கினு நிக்கிற?"

பைக் புதுசு. கொளுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். "பெட்ரோல் இல்ல பாய்" என்றேன். அந்தப் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். "கொஞ்சம் பொறுமையா இருங்க, மறியல எடுத்துடுவாங்க" என்றும் சொன்னேன். உங்கள் ஐந்தாம் படியை உங்களுக்கே பாடம் நடத்தினேன்.

அந்தம்மாவைச் சைக்கிள் கேரியரில் புடவையால் கட்டித் தள்ளிக்கொண்டு போனீர்கள். மறியல்காரர்கள் பார்த்ததும் ஓடி வந்து, சைக்கிளோடு தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டார்களாம். மூன்று இடத்தில் அப்படித் தூக்கினார்களாம். நான் யாருக்குப் பயந்தேனோ அவர்கள்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் காலை அடக்கத்துக்கு நான் பைக்கில் வந்தேன். புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றும் தெரியவில்லை. கபரஸ்தான் வாசலில் ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்தால் எதிரே நீங்கள்.

"பெட்ரோல் கெடச்சிதா வாத்தியாரே?"

இனி என் முகத்தில் விழிக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். நீங்களோ அடுத்த மாதமே ஆள் அனுப்பிக் கூப்பிட்டீர்கள். அதன்பின் மேல்படிகளைப் பற்றிப் பேசவே இல்லை. முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டீர்கள்.

"தவ்பாவுக்கு உங்காளுங்க இன்னா பண்ணுவாங்க?"

"சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லுவோம். அவர் மன்னிப்பு குடுப்பாரு."

"எங்களுக்கு நடுவுல ஆளு கெடையாது. ஆனா மனுசனுக்குப் பண்ணத அந்த மனுசங்கிட்டயே போயித் தீத்துக்கணும். அவன் வுட்டாதான் அல்லா வுடுவான்."

சொல்லிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே என் வாயைப் பார்ப்பீர்கள். எத்தனை வருஷம் பாய்! எத்தனை சனிக்கிழமை! கொடுமைக்காரர் நீங்கள். நானோ அதைச் சாமியாரிடம் எப்போதோ சொல்லிவிட்டிருந்தேன். ஒரு ஜெபமாலை சொல்லச் சொன்னார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன்.

கடைசியில் நீங்கள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது துணிந்து குனிந்தேன். "பாய், அன்னிக்கு வண்டில பெட்ரோல் இருந்துச்சி."

உங்களுக்குக் காது மந்தமாகியிருந்தது. "இன்னா? சத்தமா சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் என்னிடம் படித்த ஒருவனின் குடும்பம். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கஞ்சி குடிச்சீங்களான்னு கேட்டேன் பாய்."

நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். முதலில் சொன்னதே காதில் விழுந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

எங்கள் வழியில் நான் மன்னிப்புப் பெற்றவன். உங்கள் வழியில் முதல் படிக்கே வராதவன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்கருணை வாங்க வாயைத் திறக்கிறேன். 'சத்தமா சொல்லு' என்கிறீர்கள்.