மாங்கேணிக்குப் படகு இழுத்துப் போனது

சனிக்கிழமை, இரவு

தங்கச்சி ராணியின் முதல் சொந்தப் படகை இன்றைக்கு ட்ரெய்லரில் ஏற்றி, என் பிக்கப்பில் கொழுவி, கல்குடாவிலிருந்து மாங்கேணிக்கு இழுத்துப் போனேன். கடற்கரைக்குத் திரும்பும் மணல் பாதையில் ட்ரெய்லரின் பாரம் தாங்காமல் பிக்கப்பின் ஒட்டோ கியர் சூடாகி, சிவப்பு லைட் எரிந்தது. உடனே நிறுத்தினேன்.

"கரையில எல்லாரும் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க அக்கா. கொஞ்சத் தூரம்தானே, இழுங்க," என்றாள் ராணி.

"கியர் எரிஞ்சா படகும் இஞ்சதான், நாமளும் இஞ்சதான். பொறு புள்ள."

எஞ்சினை அணைக்காமல் நியூட்ரலில் விட்டேன். அப்படி விட்டால்தான் கியர் எண்ணெய் ஓடி ஓடிக் குளிரும். ராணி கோபத்தில் படகுக்குள் ஏறி இருந்துவிட்டாள்.

கரையில் நின்ற சனம் பொறுக்காமல் எங்களைத் தேடி வந்துவிட்டது. ராணியின் மாமியார், படகைக் கடலில் இறக்கும்போது உடைக்கிற தேங்காயோடு முன்னுக்கு வந்தார். லைட் அணைந்ததும் சின்னக் கியரில் மெதுவாக இழுத்தேன். சனம் பின்னால் தள்ளியது. படகுக்குள் இருந்த ராணி கோபத்தை மறந்து எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு வந்தாள். சாமி ஊர்வலம் தோற்றது!

படகு மிதந்ததும் நீந்தத் தெரியாத என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனாள். நான் பயத்தில் கத்தினேன், பிறகு சிரித்தேன். இப்போது படுத்துக் கண்ணை மூடினால் கட்டிலும் ஆடுகிறது.