ஏழு விலாக்கட்டைகள்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முதுகைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய், மணி அடித்தாலே உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், அதனால்தான்.

நம் படகுக்கு உள்ளிருந்து பலகைகளைத் தாங்குகிற விலாக்கட்டைகளை மாற்றிக்கொண்டிருந்தேன் அல்லவா, இடப்பக்கம் ஏழும் உளுத்துப்போயிருந்தன. பழசு ஒன்றைக் கழற்றினால் அந்த இடத்தில் புதுசை வைத்து அடித்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகைகள் பிடிமானம் இல்லாமல் விரிந்துவிடும். இரண்டு முடித்திருந்தேன், அதற்குள் கண் ஆபரேஷனுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் மீதி ஐந்தையும் உன் அம்மா ஒண்டியாகக் கழற்றி, ஆணிகளைப் பிடுங்கி டப்பாவில் போட்டு, கட்டைகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறாள். பாதி வேலைய முடிச்சிட்டேன், இனி நீங்க அடிக்கிறது மட்டும்தான் பாக்கின்னு ஒரே சிரிப்பு. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். படகைப் பார்த்தேன், இடப்பக்கம் நாலு விரல் வெளியே பிதுங்கி நின்றது. நல்ல வேலை செய்தாய் என்று சொல்லி அவள் கைக்கு எண்ணெய் தடவிவிட்டேன்.

மூன்று வாரமாகக் கயிறு கட்டி முறுக்கி இழுத்துப் பார்த்தேன், இரண்டு விரல் உள்ளே வந்தது, அதற்கு மேல் அசையவே மாட்டேன் என்கிறது. தச்சர் வந்து பார்த்துவிட்டு எந்த மடையன் இப்படி மொத்தமாக் கழட்டினான் என்று கேட்டார், நான்தான் என்றேன். பலகை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சேர்த்தால் சரியாகுமாம். பிரித்தால் ஏன் என்று உன் அம்மா கேட்பாள், எனக்கும் தெம்பு இல்லை, அலுத்துவிட்டதம்மா. இந்த வயதில் இன்னொரு படகுக்கு எங்கே போவது. அதனால் இருக்கிற வளைவுக்கே புதுக் கட்டைகளைச் செதுக்கி அடித்துவிட்டேன். நேற்றுத் தண்ணீரில் இறக்கினோம். ஒழுகவில்லை, ஆனால் இடப்பக்கமே இழுக்கிறது, அந்தப் பக்கம் கூடுதலாகத் துடுப்பு போட்டுச் சமாளிக்கிறேன். அவள் முன்னால் உட்கார்ந்து, அஞ்சு கட்டையும் நான் கழட்டினது என்று கரையில் நின்றவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

நீங்கள் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. பாப்பாவுக்கு என் முத்தம். இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. லீவுக்கு வரும்போது படகு ஏன் ஒரு பக்கமாகப் போகிறது என்று அம்மா முன்னால் கேட்டுத் தொலைக்காதே. நீரோட்டம் அப்படி என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் தலையாட்டிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா