ஒரு டின் ரவை எத்தனை கிராம்

நீ இல்லாத இந்தத் தீபாவளிக்கு மகள் ரவையில் செய்த சூஜி கேக்கில் ஒரு துண்டு இன்னும் பிரிட்ஜில் கிடக்கிறது. கத்தி இறங்காது. குப்பையில் போடவும் கை வரவில்லை. இன்று காலை பிரிட்ஜைத் திறந்தேன், நெய்யும் பாதாமும் மணந்தன. மணம் மட்டும் உன்னுடையது. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

கேக் சாமான் வாங்க வருகிறவர்களிடம் நான் தெரியாது என்று சொன்னதே இல்லை, உனக்குத் தெரியும். சுங்கைப் பட்டாணி ஊரில் நம் மளிகைக் கடை நின்றது இந்த வாயால்தான். கேட்டதும் பதில் சொல்ல வேண்டும், யோசித்தால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடும். மகள் போன் போட்டபோதும் அப்படித்தான். மாமியார் வீட்டுக்குத் தன் அம்மாவின் கேக்கைச் செய்து கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டாளாம். ரவை இரண்டு டின், மாவு ஒரு டின் என்று நீ சொன்னது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அவள் வீட்டில் இருப்பதோ எலெக்ட்ரானிக் தராசு.

“ஒரு டின் எத்தனை கிராம்ப்பா? சரியா சொல்லுங்கலா.”

“கால் கிலோ,” என்றேன், யாருக்கோ பொட்டலம் கட்டிக்கொண்டே.

அது அரிசிக் கணக்கு. பால் டின்னில் அரிசி அளந்து விற்ற நாளிலிருந்து நாக்கில் ஒட்டிக்கிடப்பது. அதே டின்னில் ரவை கனம் குறைவு, மாவு அதைவிட லேசு. விற்கிற எனக்கு அது தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைக்குப் பின்னால் அடுப்படியில் நீ லேபிள் உரித்த பால் டின்னோடு நிற்பாய். தராசு பிடிக்கிறவன் பெண்டாட்டி டின்னில் அளக்கிறாள் என்று வருகிறவர்களிடம் உன்னைக் கேலி செய்வேன். நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். “கடைக்குத் தராசு, கேக்குக்கு டின். நீங்க போய்க் கடையப் பாருங்க.”

போய்க் கடையைத்தான் பார்த்தேன், அத்தனை வருஷமும்.

தீபாவளியன்று செமிலிங்கில் இருக்கும் சம்பந்தி வீட்டில், முதல் வாய் கேக்கிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. மாவு கூடிப்போய்த் தொண்டையில் நின்றது. மருமகனின் தம்பி, இதை அடுக்கி வீடே கட்டலாம்லா அண்ணி என்றான். சம்பந்தியம்மா அவனை அதட்டிவிட்டு, நல்ல மனதோடுதான், மகளிடம் சொன்னார்: “பரவாயில்லம்மா. உங்கம்மா கைப்பக்குவம் இப்படித்தான் போல.”

மகள் என்னைப் பார்த்தாள். தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். மருமகன் முன்னால் எனக்கு அளவு தெரியாது என்று ஆகிவிடக் கூடாதே. என் பெயர் நின்றது, உன் பெயர் போனது. காரில் ஏறும்போது, நான்தான்ப்பா எங்கயோ கெடுத்துட்டேன் என்றாள். நான் கார் கதவைச் சாத்திவிட்டேன்.

இன்று கடையை நேரத்தோடு திறக்கவில்லை. ஒரு பால் டின்னைக் காலி செய்து கழுவித் துடைத்து, ரவையை அள்ளித் தராசில் வைத்தேன். விளிம்போடு வழித்தால் ஒரு எடை. தட்டி இறக்கினால் இன்னொரு எடை. கும்பலாக அள்ளினால் வேறு. நீ எப்படி அள்ளினாய்? கண்ணை மூடிப் பார்த்தேன். உன் முதுகு தெரிகிறது. வளையல் சத்தம் கேட்கிறது. கை தெரியவில்லை.

முதலில் மகளுக்குப் போன் போட்டு, அளவைத் தப்பாகச் சொன்னது நான்தான் என்றேன். அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்கப்பா என்றாள். சம்பந்தியம்மாவையும் போனில் கூப்பிட்டேன். கேக் கெட்டது நான் சொன்ன அளவால், என் பெண்டாட்டி பக்குவத்தால் இல்லை என்றேன். அந்தம்மா சிரித்தார்.

“அதுக்கென்னண்ணே. அவங்க அளவைச் சரியா சொல்லுங்க, நானே செஞ்சு பார்க்கிறேன்.”

“தெரியலம்மா,” என்றேன்.

பக்கத்திலேயே இருந்தீங்களே அண்ணே என்று அவர் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்வியோடுதான் இப்போது கடையைத் திறக்கப் போகிறேன்.