எட்டு என்று சொன்னது நான்

இன்று காலை மடிக்கணினியின் விசிறி பெரிதாக இரைந்தது. சூடேறிய தூசியின் வாசம் வந்தது. பாடசாலைக் கணினி அறையில் உங்களுக்குப் பக்கத்துக் கதிரையில் கழிந்த பின்னேரங்கள் எல்லாம் அந்த வாசத்தோடு வந்துவிட்டன, சேர்.

நீங்கள் இறந்து ஏழு மாதமாகிறது. குண்டசாலைச் சந்தியில் வத்தேகம பஸ்ஸைக் கண்டால் என் கண் இன்னும் நீங்கள் உட்காரும் யன்னலோரம்தான் போகிறது.

நான் கணிதம், நீங்கள் கணினி. பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் அந்த மென்பொருள் நூலகத்தை, எவரும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளும்படி பொதி செய்து இணையத்தில் கொடுத்து வந்தீர்கள். சோதித்துப் பார்ப்பது என் வேலை. ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையில் பாடசாலையின் பொதுக் கணினி முன் வந்து உட்கார்ந்தோம். அதற்கு எட்டுக் கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கணக்குச் செய்யும் எட்டுப் பகுதிகள். ஒரு கணக்கை எத்தனை இழைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் செய்வது? பயன்படுத்துபவர் எதுவும் சொல்லாவிட்டால் எத்தனை என்று கொள்வது? அதுதான் கேள்வி.

"ஒண்ணுன்னு வைப்போமா டீச்சர்? வேணுங்கிறவங்க கூட்டிக்கட்டும்."

"எட்டு கோர் சும்மா கெடக்குது சேர். எட்டையும் போடுங்க."

"நீங்க ஒரு முட்டை அவிக்க எட்டு அடுப்பு பத்த வைக்கிற ஆளு."

"எட்டு இருந்தா வைப்பேன்தான்."

சிரித்துக்கொண்டே எட்டு என்று வைத்தீர்கள். நான் தேநீர்க் கோப்பையை எடுப்பதற்குள் கணக்கு முடிந்தது. போயா என்பதால் அந்தக் கணினியில் நம் இருவரைத் தவிர வேறு யாருமில்லை. அது நமக்கு உறைக்கவேயில்லை.

அடுத்த வாரம் மாணவர் செயற்றிட்டக் கண்காட்சி. அதே கணினியில் இருபது பிள்ளைகள் வலையமைப்பு வழியாக ஒரே நேரத்தில் இணைந்தார்கள். ஒவ்வொரு கணக்கும் எட்டாகப் பிரிந்து, நூற்றறுபது இழைகள் எட்டுக் கோர்களுக்காக முண்டியடித்தன. இருபது குடும்பம் ஒரே சமையலறைக்குள் புகுந்து, எல்லா அடுப்பும் எனக்குத்தான் என்று நின்றால் யார் வீட்டுச் சோறு வேகும்? ஹந்தானை மலையில் ஒரு வருடம் மழையளவு குறித்து வந்த பிள்ளை, அசையாத திரையின் முன்னால் நடுவர்களைப் பார்த்தபடி நின்றாள்.

"அவ கணக்கு சரி சேர். பிழை என்னோடது. நான்தான் எட்டுன்னு வச்சேன்" என்று நடுவர் ஒருவரிடம் சொன்னீர்கள்.

நான் கதவருகில் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்று மாலையே ஒன்று என்று மாற்றினீர்கள். எட்டு என்று வைத்தது உங்கள் பிழை என்று பொதியின் மாற்றக் குறிப்பிலும் எழுதிவைத்தீர்கள். "தேடி மாத்தத் தெரிஞ்சவன் எப்படியும் மாத்திக்குவான் டீச்சர். தெரியாத பிள்ளைக்குத்தான் நாம இத வைக்கிறோம்" என்றீர்கள். அந்த நாளைப் பற்றி நான் பேச்செடுத்த போதெல்லாம், "டீ ஆறுது, குடிங்க" என்று மறித்துவிட்டீர்கள்.

இப்போது அந்தப் பொதியைப் பராமரிப்பவர்கள் நேற்று எழுதிக் கேட்டார்கள். இந்தக் காலத்துக் கணினிகளில் ஒன்று என்பது வீண்தானே, எல்லாக் கோர்களையும் எடுக்கும்படி மாற்றலாமா என்று. அதற்காகத்தான் காலையில் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்தேன். தனியாக ஓட்டினால் வேகம்தான். ஆனால் ஓட்டுபவர் தனியாகத்தான் இருக்கிறாரா என்பது நமக்குத் தெரியாதே.

ஒன்றாகவே இருக்கட்டும், கூட்டும் வழியை முதல் பக்கத்தில் எழுதுங்கள் என்று பதில் அனுப்பினேன். அந்தக் கண்காட்சியைப் பற்றியும் எழுதினேன். எதையும் மாற்றத் தெரியாமல் வந்து உட்காரப்போகும் யாரோ ஒரு பிள்ளையை, எந்த முடிவுக்கு முன்னாலும் இப்போது ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் மாற்றக் குறிப்பின் கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: எட்டு என்று வைக்கச் சொன்னவர் இவரல்லர், நான். சேர்த்துவிட்டார்கள். நீங்கள் இருந்திருந்தால் அதே நிமிடத்தில் அழித்திருப்பீர்கள், சேர். மத்தியானம் முழுவதும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். வரி அப்படியே இருக்கிறது.