ஒரு கதவுக்கு ஒரு நாய்

சேசு மரி சூசை துணை

கீழக்கொற்றங்குடி,
5.3.1972, ஞாயிறு.

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் அமலி எழுதிக்கொள்வது. நானும் மகள் அக்னசும் கர்த்தர் கிருபையால் சுகம். திருச்சி ஜெயிலில் உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும். இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகும் ஜெயில் ஐயாவுக்கும் வணக்கம். இதில் சங்கத்து விஷயம் அதிகம் இல்லை, நாய் விஷயம்தான்.

சம்பா அறுவடை முடிந்துவிட்டது. போன வருஷம் எந்த வயலில் கூலி கேட்டு நின்று நீங்கள் உள்ளே போனீர்களோ அதே வயலில்தான் நானும் அறுத்தேன். இந்த வருஷம் பண்ணை வெளியூர் ஆளை இறக்கவில்லை. நீங்கள் கேட்ட கூலியைச் சத்தமில்லாமல் கொடுத்தார்கள். அதை நினைத்தால் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிறும் எரிகிறது.

போன மூன்று கடிதத்திலும் ஊமையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டிருந்தீர்கள். பெற்ற மகளைக் கேட்பதற்கு முன்னால் நாயைக் கேட்கிற மனுஷன் நீங்கள் ஒருத்தர்தான். நான் பதில் எழுதாமல் நழுவிக்கொண்டே இருந்தேன். இனியும் மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

கார்த்திகையில் மேலத்தெரு ராமாயியின் மகனை வெறிநாய் கடித்துவிட்டது. தண்ணீரைக் கண்டால் அலறி அலறி அந்தப் பிள்ளை செத்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு பஞ்சாயத்தில் தீர்மானம் போட்டார்கள். ஒரு கதவுக்கு ஒரு நாய்தான். அதற்கு எண் போட்ட தகர வில்லை கொடுப்பார்கள், கழுத்தில் கட்டவேண்டும். வில்லை இல்லாத நாயைக் கொல்ல டவுனிலிருந்து ஆள் வரும். அந்தப் பிள்ளையைப் பார்த்த பிறகு அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பண்ணையில் ஏழு நாய் உண்டல்லவா, ஏழுக்கும் வில்லை வந்துவிட்டது. மாட்டுக்கொட்டகை ஒரு கதவு, தோப்பு வீடு ஒரு கதவு, ரைஸ்மில் ஒரு கதவு என்று காட்டிவிட்டார்கள். உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் எழுதிவைத்த கை, நாய்க்கு மட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

நமக்கு இரண்டு நாய், ஒரே கதவு. நான் செவலைக்கு வில்லை வாங்கினேன். செவலை குரைக்கும், குரைத்தால் தெரு எழுந்து வரும். ஊமையன் குரைக்காமல் கடிப்பான், கடித்தால் நம் தலையில் இன்னொரு கேஸ் விழும். நீங்கள் இல்லாத வீட்டில் பொம்பளைப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் வேறு எப்படி யோசிப்பேன்? தெருவில் நாய் இல்லாத வீடு இல்லை, யாரும் அவனை ஏற்கவில்லை. தரங்கம்பாடியில் என் அண்ணன் வேதநாயகத்தைக் கேட்டேன். சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்டுல கடிநாய் வேணாம் தாயி என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துப் பண்ணைக் காரியக்காரர் குஞ்சிதபாதம் வந்தார். வாயில்லாச் சீவன எதுக்கு அமலி சாவக் குடுக்குற, பண்ணை பேர்ல இன்னொரு வில்லை வாங்கித் தர்றேன், நாய் பாட்டுக்கு உன் வாசல்லயே கெடக்கட்டும் என்றார். ஒரு காகிதம் நீட்டினார். அஞ்சாம் வகுப்பு படித்த திமிரில் நானே வாசித்தேன். நாயின் நிறம், வெட்டுப்பட்ட காது எல்லாம் சரியாக இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் கோயிலில் அந்த மனுஷனுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன், மச்சான். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

தை கடைசியில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நம் தெருவுக்கு வந்தார். பண்ணை நிலத்தில் குடிசை போட்டு இருக்கிறவர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று புதுச் சட்டம் வந்திருக்கிறதே, அந்த விசாரணைக்கு. முப்பத்தொரு வீட்டை எழுதினார். நம் வாசலுக்கு வந்ததும் காரியக்காரர் என் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதன் அடியில் என்ன இருந்தது தெரியுமா? இது பண்ணையின் களத்துக் கொட்டகை, இங்கே பண்ணையின் காவல் நாய் இருக்கிறது, அதற்குச் சோறு வைக்க வேலைக்காரி அமலி பண்ணையின் அனுமதியில் தங்கியிருக்கிறாள் என்று இருந்தது. நீங்கள் மண் குழைத்து எழுப்பிய வீடு என் கையெழுத்தால் நாய்க்கொட்டகை ஆகிவிட்டது.

சங்கத்து துரைராசு அண்ணன் விடவில்லை. அது சவரிராஜ் வளத்த நாய் சார், ஊருக்கே தெரியும் என்று உங்கள் பேரைச் சொன்னார். தெருவே சேர்ந்து சொன்னது. இன்ஸ்பெக்டர் வாய்ப்பேச்சு வேண்டாம் என்றார். வேப்பமரத்தடியில் படுத்திருந்த ஊமையனைக் காட்டி, பண்ணை நாய் என்றால் நீங்கள் கூப்பிடுங்கள் என்று காரியக்காரரிடம் சொன்னார். அவரும் நைச்சியமாகக் கூப்பிட்டார். ஊமையன் உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினான். பிறகு இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நாய் உன்னுடையது என்றால் இந்தக் காகிதம் செல்லாது, வீட்டை எழுதிக்கொள்கிறேன், ஆனால் பண்ணை வில்லையை இப்போதே கழற்றிவிடவேண்டும், யோசித்துக் கூப்பிடு அம்மா என்றார். வில்லையைக் கழற்றினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

என் குரலுக்கு ஊமையன் என்றைக்கு வந்திருக்கிறான்? உங்களுக்குத்தானே வருவான். வராமல் போனால் வீடு போகும், வந்தால் அவன் போவான். மனசில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது. நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே தொடையைத் தட்டித் தோ, தோ என்றேன். வந்துவிட்டான் மச்சான். வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் முப்பத்திரண்டாவது வீடு என்று எழுதினார். நான் குனிந்து வில்லையைக் கழற்றினேன்.

மூன்றாம் நாள் டவுன் ஆட்கள் சுருக்குக் கம்பியோடு வந்தார்கள். கம்பி போடவேண்டாம் என்று சொல்லி நானே கையில் பிடித்துக்கொண்டு குளத்தங்கரை வரைக்கும் கூட்டிப்போனேன். வெறும் கையோடு திரும்பி வந்தேன். அக்னஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அழுதுகொண்டேதான் உலை வைத்தேன்.

உங்கள் நாயைக் கொடுத்துத்தான் உங்கள் வீட்டை மீட்டேன். நீங்கள் இருந்திருந்தால் வேறு வழி பார்த்திருப்பீர்களோ என்னவோ, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கோபம் வந்தால் என்ன வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

இத்தனை நாளும் உங்கள் கடிதம் பண்ணை வீட்டுக்குப் போய், யார் யாரோ பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. இனிமேல் முகவரியில் பண்ணையின் பேரைப் போடாதீர்கள். கதவு எண் 32, சூசையப்பர் தெரு என்று எழுதினால் போதும், தபால்காரர் நேராக வருவார். சூசையப்பர் உங்களைக் காப்பாற்றி என்னிடம் சேர்க்கட்டும். தபால் வருகிற நேரத்துக்கு நான் தினமும் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் அமலி